என் காடி, என் காசு, சத்தம் யாருடையது?

கர்மா, விதி, கடமை என்று பெரிய தலைப்புகளில் நம்மவர்கள் எழுதும் பக்கம் இது. இந்த முறை நான் எடுத்துக்கொண்ட தலைப்பு எக்சோஸ். சிரிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதற்குள்ளும் ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது.

என்னோடு படிக்கும் நண்பர் ஒருவர் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வைத்திருக்கிறார். பகுதி நேர வேலையில் கிடைக்கும் காசைச் சேர்த்துச் சேர்த்து அதைச் சரி செய்து வருகிறார். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 1990-களின் இறுதியில் வந்த மூன்று கதவுக் காடி. 1.8 லிட்டர், 16 வால்வு, மிட்சுபிஷி 4ஜி93 இன்ஜின். ஓட்டத்தைச் சீராக்கிக் கொடுத்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். நம்ம நாட்டில் செய்த காடி என்பதால் பசங்களுக்கு அதன்மேல் தனிப் பாசம்.

அந்தக் காடியின் மஃப்ளர் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் வரும். பக்கத்துக் கடைக்கும் வகுப்புக்கும் மட்டுமே ஓடும் காடியில், மஃப்ளர் நன்றாகச் சூடேறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கி இரும்பைத் தின்றுவிடும். ஆக, மாற்றித்தான் ஆக வேண்டும். "மச்சான், எந்த ஹெடர் போடலாம், எந்த மஃப்ளர் போடலாம்?" என்று கேட்டார். பேசப் பேச அவரே இன்னொன்றும் சொன்னார்: "என் காடி, என் காசு. எனக்குப் புடிச்ச சத்தம் வெக்கிறேன். மத்தவங்களுக்கு என்னடா?"

முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. ஆனால் முதல் கேள்வியை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் இரண்டாவதும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

சக்தி வேறு, சத்தம் வேறு

ஹெடரை நம்ம பட்டறைகளில் எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். நான்கு சிலிண்டர்களின் புகையைத் தனித்தனிக் குழாய்களில் வாங்கி ஒன்றாகச் சேர்ப்பது அதன் வேலை. எக்சோஸ் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடும். குழாய்கள் சேரும் இடத்தில் அதில் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சம் இருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கணக்குப் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். 4-2-1 ஹெடரில் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்குள் இரண்டு துடிப்புகளுக்கும் நடுவே கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். அதனால் ஒன்றை ஒன்று இடிக்காது. நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். 4-1 ஹெடர் பொதுவாக மேல் ஆர்பிஎம்முக்கு ஏற்றது. தினமும் ஜாமில் ஓட்டும் காடிக்கு 4-2-1 போதும்.

குழாய் பெரிதானால் பவரும் ஏறும் என்று நம்ம பசங்க நம்புகிறார்கள். டர்போ இல்லாத 1.8 இன்ஜினுக்கு அளவுக்கு மீறிய குழாய் போட்டால் புகையின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் காடி சோர்ந்துவிடும். 2 அங்குலம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். "இன்ஜினுக்கு எதிரழுத்தம் வேணும்" என்று சொல்வதும் பாதிதான் சரி. இன்ஜினுக்கு வேண்டியது புகையின் வேகம். குழாயைச் சிறிதாக்கினால் வேகம் கிடைக்கும், கூடவே எதிரழுத்தமும் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

இப்போது மஃப்ளர். எஸ்-ஃப்ளோ வகையில் புகை அறை அறையாகத் திரும்பிப் போகும். சத்தம் நன்றாக அடங்கும், கொஞ்சம் தடையும் இருக்கும். நேர்க்குழாய் வகையில் துளைகள் இட்ட குழாயைச் சுற்றி நார் அடைத்திருப்பார்கள். ஒலியின் ஆற்றல் அந்த நாருக்குள் போய்ச் சூடாக மாறிவிடும். இதே வகையில் நீளமும் பருமனும் உள்ள பெட்டியை எடுத்து, நடுவில் ஒரு நல்ல ரெசனேட்டரையும் (கடையில் 'புல்லெட்' என்பார்கள்) வைத்தால், புகை தாராளமாகப் போகும், சத்தமும் அடங்கும். சின்னப் பெட்டியை மாட்டி ரெசனேட்டரைக் கழற்றிவிட்டால் சத்தம் பெரிதாக ஏறும். பவரில் ஓட்டுபவருக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் ஏறாது.

நம் விவாதத்துக்கு முக்கியமான இடம் இது. இழுவையைத் தருவது பெரும்பாலும் ஹெடரும் சரியான அளவுக் குழாயும். சத்தத்தைத் தீர்மானிப்பது மஃப்ளரும் ரெசனேட்டரும். இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். "பவர் வேணும்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்ற சாக்கு, ரோட்டில் ஓடும் காடிக்குச் செல்லாது. அந்தச் சத்தத்தை நாம் வேண்டுமென்றே வாங்குகிறோம். வேண்டுமென்று செய்வதற்குப் பொறுப்பும் நம்முடையதுதான்.

கேட்க வேண்டும் என்ற ஆசை

சத்தத்தை விரும்புவது கெட்ட குணம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லபடி ட்யூன் செய்த நாலு சிலிண்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது வரும் குரல் அழகாகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. வீட்டில் பேச்சு எடுபடாத, வகுப்பில் யாரும் கவனிக்காத ஒரு பையனுக்கு, தான் வந்ததை ஒரு தெருவே திரும்பிப் பார்ப்பது பெரிய விஷயம். அதைக் கேலி செய்பவர்களுக்கு அந்த வயதும் அந்தத் தனிமையும் மறந்துபோய்விட்டது.

ஆனால் காடியில் மற்ற எல்லாமே நமக்குள் முடிந்துவிடும். சீட் கவர், ஸ்டீயரிங், ரிம், பெயிண்ட் எதுவாக இருந்தாலும் பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காதைத் திருப்பிக்கொள்ள முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரியும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி 1,500 ஆர்பிஎம்மில் நிற்க வைத்தால், விநாடிக்கு 50 துடிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சுவரும் கண்ணாடியும் சரியாகத் தடுக்காது. நம் தாமான்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஒரு காடியின் வால்குழாய்க்கும் பக்கத்து வீட்டுப் படுக்கை அறைக்கும் நடுவே சில மீட்டர்தான். டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். இரண்டு பக்கமும் வீடு நிற்கும் தெருவில் எதிரொலி சேர்வதால் அந்த அளவுக்குக்கூடக் குறையாது.

அந்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள்? இரவு ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வந்து கண்ணை மூடிய ஃபேக்டரி அக்காவாக இருக்கலாம். இரவெல்லாம் அழுது அப்போதுதான் தூங்கிய குழந்தையாக இருக்கலாம். டயாலிசிஸ் முடிந்து வந்த தாத்தாவாக இருக்கலாம். அவர்களிடம் நாம் கேட்கவில்லை. அவர்கள் எழுந்து போகவும் இடமில்லை. பதஞ்சலி முனிவர் யமங்களில் அஹிம்சையோடு அஸ்தேயத்தையும் வைத்தார். பிறர் பொருளை எடுக்காதிருத்தல் என்று அதற்குப் பொருள். ஒருவரின் தூக்கம் அவருடைய பொருள் இல்லையா? கையால் எடுத்தால்தான் திருட்டா?

மூன்று எதிர்க் கேள்விகள்

"பணக்காரன் சூப்பர் கார் இதைவிடச் சத்தமா போகுது. கம்பெனியிலேயே அப்படி வந்ததால அது சட்டப்படி சரி. நாங்க மாத்தினா மட்டும் சம்மனா?" நியாயமான கோபம். ஆனால் தூங்குகிறவர் காதுக்குக் காடியின் விலை தெரியாது. சட்டம் எல்லாரையும் ஒரே அளவில் பார்க்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம். அதற்காக, எழுப்பிவிட்ட குழந்தை திரும்பத் தூங்கிவிடாது.

"திருவிழாவில உறுமி மேளமும் ஸ்பீக்கரும் மட்டும் சத்தமில்லையா?" இதை நம்மிடமே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். திருவிழா நாளும் நேரமும் முன்கூட்டியே தெரியும், ஊர் கூடி ஒப்புக்கொண்டது என்பது ஒரு வித்தியாசம். அந்த நேரத்தைத் தாண்டி, நள்ளிரவிலும் ஸ்பீக்கரை அலறவிட்டால் அந்த வித்தியாசமும் போய்விடும். எக்சோஸுக்கு ஒரு நியாயம், ஸ்பீக்கருக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

"ஜேபிஜே புடிக்கலன்னா சரிதானே?" நம் நாட்டில் மோட்டார் வாகன ஒலிக்கென்று 1987-லேயே சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் வந்துவிட்டன. சிலர் வாகனச் சோதனைக்குப் போகும்போது ஒரிஜினல் பைப்பை மாட்டிக்கொண்டு போய், முடிந்ததும் கழற்றிப் பழையபடி மாற்றிவிடுகிறார்கள். அபராதம் தப்பலாம். ஆனால் ஒளித்து வைக்க வேண்டிய ஒன்றை "என் உரிமை" என்று வெளியே சொல்வது எப்படிப் பொருந்தும்?

இங்கே பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நம்ம இனத்துப் பேர் கெடுது" என்று பசங்களைத் திட்டுகிறீர்கள். அது சரியான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அப்புறம். அக்கா தூங்கவில்லை என்பதுதான் முதல் காரணம். அதைச் சொல்லிப் பாருங்கள், பசங்க கேட்பார்கள்.

அப்படியானால் எதை மாட்டுவது?

ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. 4-2-1 ஹெடர், அளவான குழாய், ரெசனேட்டர், பெரிய பெட்டி மஃப்ளர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் துருத் தொல்லையும் குறையும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்ற வேண்டாம். அது கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் குறைக்கிறது. அதைக் கழற்றினால் காதுக்குப் பிறகு அடுத்தவர் நுரையீரலிலும் கை வைக்கிறோம். முழு ஓட்டத்தில் இன்ஜினின் குரலைக் கேட்க ஆசையா? காசு சேர்த்து சிப்பாங்கில் டிராக் டேக்குப் போங்கள். அங்கே நிற்பவர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்கவே வந்தவர்கள்.

சத்ரியா என்ற மலாய்ச் சொல் க்ஷத்ரியர் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பலம் இருப்பவனுக்குக் காக்கும் கடமையும் உண்டு என்பது அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்த எண்ணம்.

அடுத்த முறை எக்சோஸ் கடையில் "எப்படித் தம்பி வேணும்?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாசலில் நிற்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இந்தக் காடியை ஸ்டார்ட் பண்ண உங்களுக்குக் கூச்சமாக இருக்காதா? இருக்காது என்றால், தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள்.