ஊரறிய வாழ்தல்: ஓர் அமெரிக்கச் சிறுநகரமும் அயலார் அறமும்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், இண்டியானா மாநிலத்தில் உள்ள சிறுநகரம் மன்சி. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 65,000 பேர் வசிக்கிறார்கள். 1880-களில் அந்த வட்டாரத்தில் இயற்கை எரிவாயு கிடைத்தது. அதை நம்பி, கண்ணாடிச் சாடி செய்யும் பால் சகோதரர்கள் ஐவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து தொழிலை அங்கே கொண்டுவந்தார்கள். 1924-இல் ஆய்வாளர் தம்பதியரான ராபர்ட் லிண்டும் ஹெலன் லிண்டும் அந்த ஊரில் தங்கி ஆய்வு செய்யத் தொடங்கினார்கள். ஊரின் பெயரை மறைத்து, 'மிடில்டவுன்' என்ற தலைப்பில் 1929-இல் அதை நூலாக்கினார்கள். பிழைப்பு, குடும்பம், கல்வி, ஓய்வு, சமயம், பொதுக் காரியம் என ஆறு பகுதிகளாக அமைந்த அந்த நூல் ஒரு பழைய கேள்வியை மீண்டும் எழுப்புகிறது: முகம் தெரிந்தவர்கள் நடுவே வாழ்வது மனிதரை நல்லவராக்குமா?

ஆக்கும் என்பதற்கு அரிஸ்டாட்டில் துணை நிற்கிறார். நகரம் தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகவும், குடிமக்கள் ஒருவர் குணத்தை ஒருவர் அறியும் அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்பது 'அரசியல்' நூலில் அவர் கொண்ட கருத்து. குணம் தெரியாமல் நியாயமாகத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது, தகுதியானவரைப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. மத்திய மேற்கின் சிறுநகரங்களில் இந்த அறிமுகத்தைத் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் காணலாம். சாவு வீடென்றால் அடக்கம் முடிந்ததும் அங்கே பந்தி. வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுவருவார்கள். பாத்திரம் மாறிப்போகாமலிருக்க அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருக்கும். கழுவிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவதே துக்க வீட்டாருக்கு மறுபடி வெளியே வந்து பேசிப் பழக ஒரு வழியாகும். குறைந்த வீட்டு விலையும் நெரிசல் இல்லாத சாலையும் சிறுநகரத்தின் வசதிகள். ஆனால் அதன் உண்மையான செல்வம் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

இதற்கு முதல் மறுப்பு, அயலார் கண்ணுக்காகச் செய்வது அறமாகுமா என்பது. தானத்தையும் செபத்தையும் பிறர் காணச் செய்ய வேண்டாம் என்கிறது இயேசுவின் மலைப்பிரசங்கம். கடமை என்பதற்காகவே செய்யப்படும் செயலுக்கே அறமதிப்பு உண்டு என்றார் காண்ட். ஊர் வாய்க்கு அஞ்சி ஒழுங்காக நடப்பவர் அந்த ஊரை விட்டு வெளியேறியதும் என்ன செய்வார் என்பது தெரியாது. மாற்றுக் கருத்து உள்ளவருக்கும் அங்கே ஒதுங்க இடம் குறைவு. பெருநகரத்தின் பாராமுகமே தனிமனிதருக்குச் சுதந்திரத்தைத் தருகிறது என்று சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1903-இல் எழுதியதன் பொருள் இதுவே. செல்வாக்கும் ஒரே இடத்தில் குவியும். மன்சியின் வங்கி, கல்லூரி, மருத்துவமனை அனைத்திலும் பால் சகோதரர்களின் ஒரே குடும்பத்தின் கை இருந்ததை லிண்ட் தம்பதியர் 1937-இல் வெளியிட்ட இரண்டாம் நூல் விரிவாகக் காட்டியது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லும்போது அந்த 'எல்லோரும்' யார்? மன்சியில் வாழ்ந்த கறுப்பின மக்களை முதல் ஆய்வு தெரிந்தே விட்டுவிட்டது. அந்தக் குறையை நிரப்பும் நூல் 2004-இல்தான் வந்தது. மன்சிக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேரியன் நகரில், 1930 ஆகஸ்ட் 7 அன்று ஒரு கும்பல் சிறையை உடைத்து, தாமஸ் ஷிப், ஏப்ராம் ஸ்மித் என்ற இரு கறுப்பின இளைஞர்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டது. உள்ளூர்ப் புகைப்படக்காரர் எடுத்த படத்தில், மரத்தடியில் கூடி நிற்பவர்களின் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. அப்படியிருந்தும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அறிமுகம் அங்கே நீதிக்கு உதவவில்லை. குற்றவாளிகளுக்கு அரணாக நின்றது.

அந்த இருவரின் உடல்களை மன்சியின் ஷாஃபர் சேப்பல் தேவாலயப் போதகர் ஜே. இ. ஜான்சன் பெற்றுவந்தார். அவர் சவ அடக்கப் பணியும் செய்தவர். உடல்களை மன்சியில் பதப்படுத்தி, அடக்கத்துக்காக மேரியனுக்குத் திருப்பி அனுப்பினார். கும்பல் வரக்கூடும் என்ற அச்சத்தில் மன்சியின் கறுப்பின மக்கள் காவல் நின்றார்கள். ஆய்வாளர்கள் கணக்கில் சேர்க்காத மக்களே அன்று அயலாரின் கடமையைச் செய்தார்கள்.

அயலான் யார் என்று கேட்ட ஒருவருக்கு இயேசு சொன்ன கதையிலும், அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றியவன் வேற்றினத்துச் சமாரியன்தான். சிறுநகரத்தின் நன்மைக்கும் தீமைக்கும் வேர் ஒன்றே: ஒருவரை ஒருவர் அறிந்திருத்தல். அந்த அறிமுகம் அறத்துக்கு நல்ல பயிற்சி. ஆனால் அறத்தின் எல்லை அதுவல்ல. துக்க வீட்டுக்குப் போகும் பாத்திரம், தெரியாதவர் வீட்டு வாசலுக்கும் போகிறதா என்பதில்தான் அந்த ஊரின் தரம் இருக்கிறது.