வென்றவர் நாம், தோற்றவர் யார்?

தோல்வி என்பது ஆடுகளத்தோடு முடிந்துவிடும் ஒன்றன்று. ஆட்டம் ஓய்ந்து, அரங்கின் விளக்குகள் அணைந்த பின்னரே அதன் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. அந்த இரண்டாம் பாகத்தை ஆடுகிறவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர், பார்த்திருந்தவர்கள். யாருக்கு எதிரே யாரை நிறுத்தியிருக்க வேண்டும், எந்த நொடியில் எவர் கை தளர்ந்தது, எவர் பேச்சைக் கேட்டு அணி கெட்டது என்று நாள் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில் அவர்கள் ஆராய்கிறார்கள். இது வெறும் பொழுதுபோக்குத்தானா, அன்றி நீதி அநீதி என்ற பேச்சுக்கு இதில் இடமுண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் அந்த ஆராய்ச்சியின் முடிவில் பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயர் எழுதப்படுகிறது. கல்லூரி ஆட்டங்களில் அம்மனிதர் இருபது வயது இளைஞராகவே இருப்பார்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஏறத்தாழ பத்து மைல் இடைவெளியில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம் 1789-ல் சாசனம் பெற்றது; மாநில அரசுக்குரியது. டர்ஹம் நகரிலுள்ள டியூக் தனியார் பல்கலைக்கழகம். புகையிலை வாணிபத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஒரு குடும்பத்தின் பெயரை 1924-ல் ஏற்றது. இவ்விரண்டின் கூடைப்பந்து அணிகளும் 1920 முதல் மோதி வருகின்றன. தொலைவிலுள்ள பகைவனைவிட அண்டை வீட்டுப் பகைவனே மனத்தை அதிகம் வாட்டுவான் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே ஒரே தெருவில், ஒரே அலுவலகத்தில், சில இல்லங்களில் ஒரே உணவு மேசையில் இரு கட்சியினரும் அமர்ந்திருப்பார்கள். தோற்றவர் மறுநாள் காலையில் வென்றவர் முகத்தில் விழித்தாக வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் இப்பகை உச்சத்தை அடைந்தது. 1980 முதல் டியூக் அணியைப் பயிற்றுவித்து, ஐந்து முறை தேசிய வாகை சூடச் செய்த மைக் ஷிஷெஃப்ஸ்கி அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக முன்னரே அறிவித்திருந்தார். பிப்ரவரி 5-ல் எதிரியின் அரங்கிலேயே டியூக் 87–67 என்று வென்றது. மார்ச் 5-ல், தம் சொந்த அரங்கில் அவர் கடைசியாக நின்ற நாளில், தொண்ணூறுக்கும் மேற்பட்ட பழைய மாணவர்கள் வாழ்த்த வந்து அமர்ந்திருக்க, வட கரோலினா 94–81 என்று வென்று விருந்தைக் கெடுத்தது. ஏப்ரல் 2-ல் நியூ ஆர்லியன்ஸில், தேசியப் போட்டியின் அரையிறுதியில் இரு அணிகளும் மீண்டும் எதிர்ப்பட்டன. நூறாண்டுக்கு மேற்பட்ட பகையில், தேசியப் போட்டியில் அவை சந்தித்தது அதுவே முதல் முறை. வட கரோலினா 81–77 என்று வென்றது. ஷிஷெஃப்ஸ்கியின் வாழ்க்கைத் தொழில் அந்த இரவில் முடிந்தது.

கடைசி நிமிடத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்; நம் கேள்வி அங்கேதான் இருக்கிறது. வட கரோலினா 75, டியூக் 74. ஆட்டம் முடிய 46.7 வினாடிகள் இருந்தபோது, டியூக்கின் நெடிய நடுவாட்டக்காரரான மார்க் வில்லியம்ஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. எதிரணியினர் விதி மீறித் தடுத்தால், பாதிக்கப்பட்டவர் எவரும் மறிக்காமல் கூடையை நோக்கி எறிய வழங்கப்படும் வாய்ப்பு அது. ஒன்று விழுந்தால் சமன். இரண்டும் விழுந்தால் முன்னிலை. இரண்டும் விழவில்லை. அடுத்துப் பந்து வட கரோலினாவின் கேலப் லவ் கைக்கு வந்தது. அவருடைய சகா ஒருவர் திரைபோல் குறுக்கே நின்று, லவ்வைக் காத்து வந்தவரை மறித்தார். டியூக் வீரர்கள் காவலை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டனர். லவ்வின் எதிரே வந்து நின்றவர் அதே வில்லியம்ஸ். ஏழடி உயரமுள்ள ஒருவர், தம்மைவிடக் குட்டையான, தம்மைவிட விரைவான ஒருவரைத் திறந்த வெளியில் தனியே காக்க வேண்டியதாயிற்று. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து லவ் எறிந்தார். 78–74. எஞ்சியவை ஏறத்தாழ 25 வினாடிகள்.

ஆக, ஒரே இளைஞர் அரை நிமிடத்துக்குள் இருமுறை மாட்டிக்கொண்டார். எறிய வேண்டியதை எறியவில்லை. காக்க வேண்டியவரைக் காக்கவில்லை. பழி சுமத்த இதைவிட வசதியான ஆள் கிடைப்பது அரிது.

ஆயின் நியாயம் பேசுகிறவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்தே கேட்க வேண்டும். நடந்தது என்ன என்பது ஒன்று. நடப்பதற்கு முன் அறியக்கூடியதாக இருந்தது என்ன என்பது மற்றொன்று. வில்லியம்ஸ் அப்பருவத்தில் ஃப்ரீ த்ரோவில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு வீதம் வெற்றி கண்டவர். அத்தகைய ஒருவர் அடுத்தடுத்து இரண்டையும் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது அளவே. அவரை அந்த இடத்தில் நிறுத்தியது பிழை என்று ஆட்டத்துக்கு முன்பு எவரும் சொல்லியிருக்க முடியாது. காவல் மாற்றமும் அப்படியே. நெடியவர் பின்வாங்கிக் கூடையைக் காத்திருந்தால், திரைக்குப் பின்னால் லவ் தடையின்றி நின்று எறிந்திருப்பார். இருவர் சேர்ந்து லவ்வை நெருக்கியிருந்தால், கூடையருகே ஒருவர் தனித்து விடப்பட்டிருப்பார். வில்லியம்ஸோ, விரித்த கைகளின் நீளம் ஏழரை அடிக்கு மேற்பட்டவர். எறிபவர் கண்ணை மறைப்பதற்கு அத்தகைய கை பயனுடையதே. மூன்று வழிகளும் குறையுடையவை. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார்கள், பந்து விழுந்தது. விழாமல் இருந்திருந்தால் அதே தேர்வை மதிநுட்பம் என்று போற்றியிருப்போம்.

மனித அறிவின் இந்தக் கோணலை பரூக் ஃபிஷாஃப் என்னும் உளவியலறிஞர் 1975-ல் ஓர் ஆய்வாக வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட வரலாறு நமக்குப் பழக்கமான மண்ணைச் சார்ந்தது: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயருக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த போர். அப்போரின் பின்னணியைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். ஆங்கிலேயர் வென்றனர் என்று சிலருக்கும், கூர்க்கர் வென்றனர் என்று சிலருக்கும், எவரும் வெல்லவில்லை என்று வேறு சிலருக்கும் கூறினார். பின்னர், முடிவு தெரியாதிருந்தால் எந்த முடிவை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு கூட்டத்தாரும் தமக்குச் சொல்லப்பட்ட முடிவையே, அது பொய்யாயினும், முன்பே நிகழக்கூடியதாகத் தெரிந்தது என்று உயர்த்திக் கூறினர். முடிவு தெரிந்த பின் மனம் பின்னோக்கி நடந்து பாதையைச் செப்பனிட்டு விடுகிறது. பிறகு, இவ்வளவு நேரான பாதை அந்த மூடர்களின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று வியக்கிறது.

டியூக்கின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இம்முறை வென்ற பக்கத்தில். 1992 மார்ச் 28-ல் ஃபிலடெல்ஃபியாவில் கென்டக்கிப் பல்கலைக்கழக அணி 103–102 என்று முன்னிலையில் இருந்தது. எஞ்சியவை 2.1 வினாடிகள். டியூக்கின் கிராண்ட் ஹில் தம் எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும். கென்டக்கிப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ, எறிபவருக்கு எதிரே எவரையும் நிறுத்தவில்லை; இருவரை மறுமுனையில் கிறிஸ்டியன் லேட்னருக்கு அருகே நிறுத்தினார். ஹில் ஏறத்தாழ 75 அடி தூரம் எறிந்தார். லேட்னர் பிடித்தார், திரும்பினார், எறிந்தார். டியூக் 104–103. அன்று லேட்னர் களத்திலிருந்து எறிந்தவை பத்து, ஃப்ரீ த்ரோக்கள் பத்து. இருபதில் ஒன்றும் தவறவில்லை. எறிபவரை ஏன் மறிக்கவில்லை என்று கென்டக்கி மக்கள் அன்று தொடங்கிய வாதம் பல்லாண்டு நீடித்தது. ஆனால் அதே பருவத்தின் பிப்ரவரி மாதத்தில் வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக ஹில் இதேபோல் லேட்னருக்கு நெடுந்தூரம் எறிந்திருந்தார். பந்து வளைந்து சென்றது, லேட்னரின் கால் கோட்டுக்கு வெளியே பட்டது, டியூக் தோற்றது. அந்த எறிதலை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலரே. ஒரே உத்தி, ஒரே கைகள். ஒன்று காவியமாயிற்று, மற்றது குப்பைக்குப் போயிற்று.

செயல் ஒன்றாயிருக்க, விளைவைக் கொண்டே மனிதரைப் புகழ்வதும் இகழ்வதும் முறையா என்ற வினாவை பெர்னார்ட் வில்லியம்ஸ் (நம் ஆட்டக்காரருக்கு உறவினரல்லர்), தாமஸ் நேகல் ஆகிய இரு தத்துவ அறிஞர்கள் 1976-ல் எழுப்பினர். நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்காக நாம் மதிப்பிடப்படுகிறோம். அது தவறென்றும் நமக்குத் தெரியும். எனினும் அப்படி மதிப்பிடாமல் நம்மால் வாழவும் முடிவதில்லை. இந்த முடிச்சை அவர்கள் முழுவதுமாக அவிழ்த்ததாக நாம் எண்ணவில்லை. கேலப் லவ்வையே பாருங்கள். டியூக்கை 28 புள்ளிகளால் வீழ்த்தியவர், இரண்டே நாட்களுக்குப் பின் ஏப்ரல் 4-ல் நடந்த இறுதியாட்டத்தில் 24 முறை எறிந்து ஐந்தைத்தான் கூடையில் இட்டார். பாதி ஆட்டம் முடிந்தபோது 40–25 என்று முன்னிலை பெற்றிருந்த வட கரோலினா, கான்சஸ் அணியிடம் 72–69 என்று தோற்றது. சனிக்கிழமை இரவின் துணிச்சலுக்குத் திங்கட்கிழமை இரவில் பிடிவாதம் என்று பெயர். எறிந்த கை ஒன்றே.

இங்கே நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அது ஒரு சொல்லைப் பற்றியது. ராபர்ட் சியால்டினி என்பவரும் சகாக்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏழில் மாணவர்கள் அணிந்து வந்த உடைகளைக் கணக்கெடுத்தனர். கால்பந்து அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமைகளில் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டைகள் அதிகம் தென்பட்டன. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை விவரித்தவர்கள் ‘வென்றோம்’ என்று தன்மையில் பேசினர்; தோற்ற ஆட்டத்தை விவரித்தவர்களிடம் அந்தத் தன்மைப் பன்மை குறைந்து, ‘அவர்கள்’ தலைகாட்டியது.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே உண்டு. நம் தமிழோ இவ்விஷயத்தில் மறைக்க இடம் தருவதில்லை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’; விலக்கிவிட்டால் ‘நாங்கள்’. ஓர் ரசிகர், அணியின் இளைஞரைப் பார்த்து, வென்ற இரவில் “நாம் வென்றோம்” என்பார். தோற்ற இரவில் அதே இளைஞரிடம் “நீ தோற்றுவிட்டாய்” என்கிறார். இன்னும் கடுமையானவர், “உன்னால் நாங்கள் தோற்றோம்” என்கிறார். நேற்று வரை ‘நாம்’ என்பதற்குள் இருந்தவர், ஒரே இரவில் ‘நாங்கள்’ என்ற வேலிக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். அவர் எறிந்த பந்தின் வெற்றியில் பங்கு கேட்டவர்களுக்கு, அவர் தவறவிட்ட பந்திலும் பங்கு உண்டல்லவா? லாபத்தில் கூட்டாளி, நட்டத்தில் அயலான் என்றால் அதைக் கடைத்தெருவில்கூட எவரும் ஒப்பமாட்டார்கள். யாரை எங்கே நிறுத்தினார்கள் என்று ஆராய்வதை நாம் குறை கூறவில்லை. ஆராய்கிறவர் தம்மை எங்கே நிறுத்திக்கொண்டு ஆராய்கிறார் என்பதையே கேட்கிறோம்.

தோல்வியை ஆராயவே கூடாது என்போர் சிலர் உளர். விதி என்று விட்டுவிடுங்கள், பிள்ளைகள்தாமே என்பர். அதையும் நாம் ஏற்பதற்கில்லை. அந்த நியூ ஆர்லியன்ஸ் ஆட்டத்தில் வட கரோலினாவின் அர்மாண்டோ பேகாட், கூடையில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 21-ஐக் கைப்பற்றினார். டியூக் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 22 முறை எறிந்து ஐந்தையே இட்டது. இவை நாற்பது நிமிட ஆட்டத்தின் கணக்குகள். ஓர் இளைஞரின் இரு எறிதல்களைக் காட்டிலும் அந்தத் தோல்வியை இவை நன்றாக விளக்குகின்றன. இவற்றைப் பார்ப்பவருக்கு அடுத்த ஆண்டு என்ன செய்யலாம் என்பது தெரியும். கடைசி நிமிடத்தை மட்டும் பார்ப்பவருக்கு யாரை வெறுக்கலாம் என்பது மட்டுமே தெரியும். கடைசி நிமிடம் கண்ணைக் கவர்வது அது பெரிதாயிருப்பதால் அன்று, கடைசியாயிருப்பதால்தான். முதற்பாதியில் தவறிய ஒரு பந்தும் அதே அளவு புள்ளியையே பறித்திருக்கும். அதன் பெயரால் எவரையும் எவரும் தூற்றுவதில்லை.

வில்லியம்ஸ் அவ்வாண்டு ஜூன் மாதம் தொழில்முறை அணிகளின் தேர்வில் 15-ஆவதாக எடுக்கப்பட்டு, அதே மாநிலத்தின் சார்லட் நகர அணியில் சேர்ந்தார்.

கென்டக்கியார் 1992-ல் செய்ததையும் இங்கே குறிப்பிடுவது தகும். அந்த அணியில் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் இருந்தனர். மூவர் அம்மாநிலத்திலேயே வளர்ந்தவர்கள். 1989-ல் முறைகேடுகளுக்காகப் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகள் தேசியப் போட்டியில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டபோது, வேறிடம் போகாமல் அங்கேயே தங்கி ஆடியவர்கள். தோற்றுத் திரும்பிய அடுத்த மாதமே அந்நால்வரின் சட்டைகளையும் மக்கள் திரண்ட தங்கள் அரங்கின் கூரையில் உயர்த்தித் தொங்கவிட்டார்கள். வாகை சூடிய எத்தனையோ பேருக்குக் கிடைக்காத மரியாதை அது. நால்வருள் இருவர் ஜான் பெல்ஃப்ரி, டெரன் ஃபெல்ட்ஹவுஸ், கடைசி 2.1 வினாடிகளில் லேட்னரின் அருகே நின்று அவரைத் தடுக்க இயலாமற் போனவர்கள்.