மகனிடம் எதைச் சொல்வது?

ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் போன பின்பும் ஒரு சகோதரர் பள்ளியின் தூணோரம் உட்கார்ந்தே இருந்தார். நாம் அருகில் சென்றதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், பையன் சிகரெட் பிடிக்கிறான். கண்டித்தேன். 'அத்தா, நீங்க என் வயசுல பிடிச்சதே இல்லையா?' என்று கேட்டுவிட்டான். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்."

மகனுக்கு 16 வயது. தந்தையோ அந்த வயதில் சிகரெட்டோடு நில்லாமல் வேறு சிலவற்றிலும் விழுந்து, பின்னர் தௌபாச் செய்து மீண்டவர். உண்மையைச் சொன்னால் மதிப்புப் போய்விடுமே, இல்லையென்றால் பொய்யாகிவிடுமே என்பது அவர் கலக்கம். அன்று நாம் சொன்ன பதில் நமக்கே போதவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

ஒருவன் இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்து வைத்திருக்க, விடிந்ததும் அவனே அதைப் பிறரிடம் சொல்லித் திரிவதை நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. கல்யாண வீடுகளில் பழைய கூட்டாளிகள் கூடிவிட்டால் 'அந்தக் காலத்தில் நாம் போட்ட ஆட்டம்' என்று பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கண்டனம் இத்தகைய பேச்சுக்கே முதலில் பொருந்தும்.

அப்படியானால் தந்தை வாயே திறக்கக்கூடாதா? இங்கேதான் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு நமக்கு வழி காட்டுகிறது. ஹிஜ்ரி 9-இல் தபூக் பயணத்திற்கு அவர்கள் போகாமல் தங்கிவிட்டார்கள். நோயில்லை, வறுமையில்லை. பழங்கள் கனிந்து நிழல் இனித்த பருவம். இன்று ஆயத்தமாவோம், நாளை ஆயத்தமாவோம் என்றே நாட்களைக் கடத்திவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பியதும் பலர் பொய்ச் சாக்குகளோடு வர, இவர்கள் உண்மையைச் சொன்னார்கள். அதற்காக 50 நாட்கள் மதீனாவில் எவரும் அவர்களோடு பேசவில்லை. உயிருக்குயிரான உறவினர் அபூகதாதா (ரலி) அவர்கள்கூட ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. பிறகு தௌபா ஏற்கப்பட்டது. திருமறையின் 9-ஆம் அத்தியாயத்தில் வசனமும் இறங்கியது.

இவ்வளவையும் நமக்கு அறிவிப்பவர் யார் தெரியுமா? அவர்களுடைய மகன் அப்துல்லாஹ். பார்வை போன முதுமையில் தந்தையைக் கைபிடித்து நடத்திச் சென்ற பிள்ளை அவர். தந்தை தம் வாயாலேயே சொல்ல, அவர் கேட்டார். பிறர்மேல் பழி போடவுமில்லை, தம் தவற்றை அழகாக்கவுமில்லை. அதனால் மகனிடத்தில் அவர்கள் மதிப்புக் குறைந்ததா?

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கஅபு (ரலி) அவர்களின் பிழை மதீனா முழுதும் அறிந்தது. அல்லாஹ் மூடியதை அவர்கள் திறக்கவில்லை. நம் சகோதரர் சிகரெட் பிடித்ததும் தெருவே அறிந்த சங்கதிதான். பையனின் பாட்டியார் எப்போதோ சொல்லியிருப்பார். அதை ஒப்புக்கொண்டு, எப்படிப் பழகினோம், விடுவதற்கு எவ்வளவு பாடுபட்டோம் என்று சொல்லட்டும். மற்றவை அவருக்கும் அவர் ரப்புக்கும் மட்டுமே தெரிந்தவை. அவை மூடியபடியே இருக்கட்டும். மகன் துருவிக் கேட்டால், "அதைக் கேட்காதே, வாப்பா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமையுண்டு.

ஆனால் நம் வீடுகளில் அதிகம் மறைக்கப்படுவது பாவமே அல்லாத ஒன்று. பையனுக்குத் தூக்கத்தில் ஸ்கலிதமாகிறது. குளிப்புக் கடமையாகிவிட்டது. விடியற்காலையில் குளித்தால் வீட்டார் என்னவென்று கேட்பார்களே என்று ஸுப்ஹை விட்டுவிடுகிறான். தந்தை சோம்பேறி என்று திட்டுகிறார். தாமும் அதே பயத்தோடு அதே போர்வைக்குள் படுத்திருந்தவர்தானே! உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பெண்ணாக இருந்தும் இதே விஷயத்தை நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டார்கள்.

மதரஸாவில் குளிப்பின் பாடத்தை அரபியில் வாசித்து, தமிழில் பொருள் சொல்லி ஒப்பித்தவர்கள் நாம். இருந்தும் அது நமக்கே நேர்ந்தபோது ஏதோ நோய் என்று பல நாட்கள் நடுங்கினோம். கிதாபில் உள்ளது நம்மைப் பற்றித்தான் என்று எவரும் சொல்லவில்லை. நம் தந்தையாரும் சொல்லவில்லை.

இப்னு உமர் (ரலி) அவர்கள் உஹதுப் போருக்கு 14 வயதில் வந்து நின்று திருப்பி அனுப்பப்பட்டதையும், 15 வயதில் கந்தக்கில் ஏற்கப்பட்டதையும் பிற்காலத்தில் தாமே சொன்னார்கள். வேறு அடையாளம் காணாத பிள்ளைக்கு 15 வயதில் பருவம் என்ற சட்டத்துக்கு ஃபுகஹாக்கள் இதையே ஆதாரமாக்கினார்கள். இது பிறைக் கணக்கு. நாம் வழக்கமாக எண்ணும் ஆண்டுப்படி பதினான்கரைதான். பல தந்தையர் இந்த ஆறு மாதத்தைத் தவறவிடுகிறார்கள்.

நம் மகனுக்கு இப்போது 12 வயது. சென்ற வாரம் ஸுப்ஹு தொழுதுவிட்டு இருவரும் நடந்து வரும்போது இதைச் சொல்லிவிடலாமென்று தொடங்கினோம். நாக்கு எழவில்லை. வீடு வரும்வரை அவனுடைய சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். இன்ஷா அல்லாஹ், நாளையும் அதே வழியாகத்தான் வருவோம்.