கையெழுத்தும் வாக்கியமும்

உயில் எழுதுகிறவன், தான் ஒரே ஆள் என்பதைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறான். இரண்டு தேசங்களில் சொத்து வைத்திருப்பவனைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொதுவாக, நிலமும் வீடும் அவை இருக்கிற நாட்டுச் சட்டத்துக்கு. பணமும் நகையும் அவன் நிரந்தரமாகக் குடியிருந்த நாட்டுச் சட்டத்துக்கு. செத்தபின் பாகப்பிரிவினை முதலில் அவனுக்கே நடக்கிறது.

என் பெரியப்பா நாற்பது வருஷம் பினாங்கில் இருந்தார். அந்தச் சம்பாத்தியத்தில் தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கினார். 1988-ல் ஊருக்கு வந்தபோது, விதவையாகி அங்கேயே குடியிருந்த தம்பி மனைவிக்கு, அதாவது என் சித்திக்கு, அந்த வீட்டை உயிலில் எழுதிவைத்தார். 1999-ல் பினாங்குச் சொத்துக்களுக்காக அங்கே இன்னோர் உயில். அதன் முதல் வரி வக்கீல் ஆபீஸ்களில் எப்போதும் தயாராயிருக்கிற வரி: இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் யாவற்றையும் ரத்து செய்கிறேன். ‘இந்நாட்டுச் சொத்தைப் பொறுத்தவரை’ என்று மூன்று வார்த்தை சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. 2004-ல் இறந்தார். பெரியம்மா முன்னமே போய்விட்டாள். உயிலில்லாத வீட்டுக்கு 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. அவர்கள் இருக்கும்போது தம்பி மனைவிக்கு இடமில்லை.

“அப்பாவோட கடைசி விருப்பத்தை மீற நாம யாரு?” என்கிறார் பெரிய அண்ணன். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எது விருப்பம்? கையெழுத்து பெரியப்பாவுடையது. வாக்கியம் ஏதோ ஒரு குமாஸ்தா டைப் அடித்தது. 1988-ல் அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வார்த்தைகளோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. கோர்ட், எழுதியவன் கருத்தைத் தேடும் என்பது வாஸ்தவம். எழுத்து இவ்வளவு தெளிவாயிருக்கும்போது தேட இடம் குறைவு. அது போகட்டும். சட்டம் தராததைப் பிள்ளைகள் தரக் கடமைப்பட்டவர்களா?

ஆம் என்றே எனக்குப் படுகிறது. இறந்தவர் பொருட்டு என்று சொல்லமாட்டேன். அவருக்கு இனி விருப்பமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. அவர் பேச்சை நம்பிச் சித்தி தன் வளையல்களை விற்று ஓடு மாற்றினாள். அந்த நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது.

1957-ல் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த, இலங்கையில் தொழில் நடத்திய அருணாசலம் செட்டியாரின் சொத்துக்கு இலங்கை அரசு மரண வரி கேட்டிருந்தது. மகன் முன்பே இறந்து, குடும்பத்தில் எஞ்சிய ஒரே ஆண் அவர். ஆகவே அது தனிமனிதச் சொத்து என்பது அரசின் வாதம். கவுன்சில் ஒப்பவில்லை. தத்தெடுத்து வம்சத்தைத் தொடரக்கூடிய விதவைகள் வீட்டில் இருக்கையில் அது கூட்டுக் குடும்பச் சொத்தே என்றது. பெரியப்பாவின் வீடு சுயார்ஜிதம். இந்தத் தீர்ப்புக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் வீட்டில் ஒரு பெண் இருப்பதே, சொத்து யாருடையது என்பதை மாற்றக்கூடும் என்ற எண்ணத்தை என்னால் உதற முடியவில்லை.

அக்கா 2006-ல் தன் பங்கைச் சித்தி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டாள். அண்ணன்மார் இருவரும் இன்னும் யோசிக்கிறார்கள். சித்திக்கு எண்பத்து மூன்று வயது. வீட்டு வரி ரசீது பெரியப்பா பெயரில்தான் வருகிறது. அவள் கட்டி, சாமி மாடத்தில் வைக்கிறாள்.