மஞ்சள் கயிறும் சுண்ணக்கட்டியும்

மரக்கிளையிலே ஒரு சிறு தொட்டில் ஆடுகிறது. கந்தல் துணியால் ஆன தொட்டில். உள்ளே குழந்தை இல்லை. ஒரு கூழாங்கல் இருக்கிறது. பக்கத்துக் கிளையிலே மஞ்சள் கயிறு. அதற்கடுத்த கிளையிலே இன்னொன்று. தமிழகத்தின் எத்தனையோ ஊர்க் கோயில்களில் காணக்கூடிய காட்சிதான் இது. குழந்தை வேண்டும் என்கிறது தொட்டில். மணவாளன் வேண்டும் என்கிறது கயிறு. கட்டியவள் யார்? தெரியாது. கேட்டது கிடைத்ததா? தெரியாது. மரத்துக்கும் தெரியாது, மரத்தடியிலே மஞ்சள் பூசி அமர்த்தப்பட்டிருக்கும் கல்லுக்கும் தெரியாது!

"மூடப்பழக்கம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு மேலே நடப்பது நம்மவர் வழக்கம். தீர்ப்பு தவறன்று. ஆனால் தீர்ப்பு முடிந்த பிறகும் ஒரு வழக்கு மிச்சமிருக்கிறது. கயிற்றிலே ஆற்றல் இல்லை என்பது உண்மை. கயிற்றைக் கட்டிய கையிலே ஏக்கம் இருந்தது என்பதும் உண்மையன்றோ? அந்த ஏக்கத்தை அவள் வேறு யாரிடம் சொல்லியிருக்க முடியும்? கணவனிடமா? மாமியாரிடமா? பகுத்தறிவு பேசும் நம்மிடமா? அவள் சொன்னால் கேட்கக்கூடிய இடத்தில் நாம் இருந்தோமா?

கடல்கடந்த நாட்டிலே இரு பெண்கள் இந்த வழக்கைத் தம் கலையின் வாயிலாக எடுத்து நடத்தியிருக்கிறார்கள். ஒருவர் யோகோ ஓனோ. ஜப்பானிலே பிறந்தவர், பாடகர் ஜான் லெனனின் துணைவியார். 1996-ஆம் ஆண்டு முதல் 'விருப்ப மரம்' என்ற பெயரில், கலைக்கூடங்களிலும் பூங்காக்களிலும் மரங்களை நிறுத்தி, அருகே தாளும் எழுதுகோலும் வைத்து, முன்பின் அறியாத மக்களையெல்லாம், "உங்கள் விருப்பத்தை எழுதிக் கிளையிலே கட்டுங்கள்" என்று அழைத்தார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் சேர்ந்தன. அவற்றைத் திரட்டி ஐஸ்லாந்து நாட்டுக்கு அனுப்பினார். அங்கே ஒரு சிறு தீவில், லெனனின் பிறந்த நாளான அக்டோபர் 9-இல், 2007-ஆம் ஆண்டு அவர் நினைவாக ஓர் ஒளிக்கோபுரம் ஏற்றப்பட்டது. சீட்டுகள் சென்று சேரும் இடம் அதுதான். சிறுமியாக இருந்தபோது ஜப்பானியக் கோயிலிலே சீட்டெழுதி மரத்தில் கட்டிய நினைவே இக்கலைக்கு வித்து என்பதை அவரே சொல்லியிருக்கிறார். மரத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். கடவுளை உள்ளேயே விட்டுவிட்டார். நல்ல வேலை! ஆயினும் நமக்கோர் ஐயம். கோயில் போய்க் கோபுரம் வந்தது. சீட்டைப் படித்து, "இதோ, நான் செய்கிறேன்" என்று சொல்லும் ஆள் வந்தாரா?

மற்றவர் கேண்டி சாங், அமெரிக்கக் கலைஞர். அவர் வாழ்ந்த நியூ ஆர்லியன்ஸ் நகரை 2005-இல் கத்ரீனா சூறாவளி சூறையாடிவிட்டது. ஆண்டுகள் சென்றும் பல வீடுகளும் கடைகளும் பாழாகவே கிடந்தன. 2010-இல் அந்தப் பாழ் கட்டடங்களிலே சிறு சிறு ஒட்டுத்தாள்களை ஒட்டினார். 'இது என்னவாக இருந்தால் நன்று?' என்ற பொருள்பட ஒரு தொடக்கம், பிறகு வெற்றிடம். கடை வேண்டுமென்றும் தோட்டம் வேண்டுமென்றும் அக்கம்பக்கத்தார் எழுதி நிரப்பினார்கள். அடுத்த ஆண்டு, தமக்கு அன்னை போன்ற ஒருவரை இழந்த துயரத்தினூடே, பாழ்வீடொன்றின் சுவர் முழுவதையும் கரும்பலகையாக்கினார். 'நான் இறப்பதற்கு முன்…' என்று வரிசை வரிசையாக எழுதி, சுண்ணக்கட்டிகளை வைத்துவிட்டுச் சென்றார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. மரம் நடவேண்டும் என்றார் ஒருவர். பெருங்கூட்டத்தின் முன் பாடவேண்டும் என்றார் இன்னொருவர். பிரிந்துபோனவளை இன்னுமொரு முறை அணைத்துக்கொள்ளவேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார் வேறொருவர். அந்த ஒரு சுவர் பெருகி, 75-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்ட சுவர்களாகிவிட்டது.

"இதிலென்ன புரட்சி? சுவரில் எழுதினால் நடந்துவிடுமா? இதுவும் மஞ்சள் கயிறுதானே!" என்று கேட்பார்கள் நம் தோழர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். கயிறு மேலே பார்க்கிறது. சுண்ணக்கட்டி பக்கத்திலே நிற்பவனைப் பார்க்கிறது. கோயில் வேண்டுதலுக்கு 'நேர்த்திக்கடன்' என்றொரு பின்விளைவு உண்டு. கடன்பட்டவர் யார்? கேட்டவர்! முடி இறக்கவேண்டியவரும் அவரே, ஆடு வெட்டவேண்டியவரும் அவரே, தீ மிதிக்கவேண்டியவரும் அவரே. கேட்கப்பட்டவருக்கோ கடன் ஏதுமில்லை. கொடுத்தால் கருணை, கொடுக்காவிட்டால் விதி. எப்படிப் பார்த்தாலும் கணக்கு அவர் பக்கமே நேராகும். சுவரிலே எழுதப்பட்ட விருப்பமோ இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. படித்தவன் கடனாளியாகிறான். 'என் மகளுக்குப் படிப்பு' என்ற வரியைப் படித்துவிட்டு, படிக்காதவனைப்போல நடந்துபோக அவனுக்கு உரிமையில்லை. அவன் பெயர் சொல்லி அழைக்கவில்லையே என்பது சமாதானமாகாது; அந்நியரை நோக்கி எழுதப்பட்டது என்றால், அந்த அந்நியர் அவன்தான்.

இந்தக் கடனை மனிதர் தீர்த்த கதை நம் நாட்டிலேயே உண்டு. அம்மை நோய்க்கு அஞ்சி மாரிக்கு நேர்ந்துகொள்ளாத குடும்பம் ஒரு காலத்தில் அரிது. வேப்பிலையும் கூழும் தீச்சட்டியும் எத்தனை தலைமுறைகளாகக் கேட்டன! பெரியம்மை போகவில்லை. 1796-இல் எட்வர்டு ஜென்னர் தடுப்பூசி முறையைச் சோதித்துக் காட்டினார். அதன்பின் எத்தனையோ பணியாளர்கள் ஊசியும் குறிப்பேடும் ஏந்தி வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். இந்தியாவிலே கடைசியாக ஒருவருக்குப் பெரியம்மை கண்டது 1975 மே மாதத்தில். 1980 மே 8-இல், உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதென உலக நலவாழ்வு மன்றம் அறிவித்தது. அன்று முதல் பெரியம்மைக்காக ஒருவரும் நேர்ந்துகொள்ளவில்லை. நாம் மேடையிலே எள்ளி நகையாடியதால் அந்த வேண்டுதல் மறைந்தது என்று எண்ணுவோமானால், அதுவும் ஒரு மூடநம்பிக்கையே! வேலை முடிந்தது, வேண்டுதல் உதிர்ந்தது. 1920-இல், நீதிக்கட்சியின் ஆட்சியிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறு போட்டபோதும் நிகழ்ந்தது இதுவே. பிள்ளையின் பசி, தாயின் வேண்டுதல் என்ற நிலையிலிருந்து நகராட்சியின் செலவுக்கணக்கு என்ற நிலைக்கு வந்தது. அப்படி வந்தது அதற்குச் சிறுமையன்று, பெருமை.

நிற்க. எல்லா விருப்பங்களும் இவ்வாறு செலவுக்கணக்கில் ஏறக்கூடியவை அல்ல. செத்தவளை மறுபடி அணைக்க விரும்பியவனுக்கு எந்த ஆட்சி என்ன செய்யும்? இங்கேதான் நம்மில் சிலர் தடுமாறுகிறார்கள். தீராத துயரத்தைக் கேட்டால், அது தெய்வத்தின் எல்லையென்று நினைத்து வாய்மூடி நிற்கிறார்கள், அல்லது கேலி பேசுகிறார்கள். 1933 மே 11-இல் நாகம்மையார் மறைந்தபோது பெரியார் என்ன செய்தார்? 'குடி அரசு' ஏட்டிலே இரங்கலுரை எழுதினார். சடங்கு இல்லை, மேலுலகம் இல்லை, 'ஆண்டவன் அழைத்துக்கொண்டான்' என்ற ஆறுதல் இல்லை. தாம் இழந்தது இன்னதென்று முன்பின் அறியாத ஆயிரம் வாசகர்களிடம் எழுத்திலே சொன்னார். திரும்பக் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. கேட்க மனிதர் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னார். நியூ ஆர்லியன்ஸ் சுவரிலே எழுதியவனும் அதைத்தானே செய்தான்? அவனுக்குரிய கடனை நின்று படிப்பதாலேயே தீர்த்துவிடலாம்.

இனி நம் மலைக்கு வருவோம். ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலைத்தொடரிலே கொட்டச்சேடு ஒரு சிற்றூர். காப்பித் தோட்டங்கள், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்லர், மலைவாழ் தமிழர்), தோட்டத்திலே கூலிக்குப் பழம் பறிப்போர். மலைத்தொடரின் உச்சியிலே, 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், குகைக்குள்ளே சேர்வராயன் கோயில். மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்கள் திரண்டு ஏறும். ஏறுவோரின் மடியிலே வேண்டுதல் இருக்கும். கேண்டி சாங்கின் கரும்பலகை ஒன்றை இந்த ஊரின் பேருந்து நிற்குமிடத்திலே நிறுத்தினால் என்னாகும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. பலகை வெறுமையாகவே இருக்கும் என்பதுதான் நம் முடிவு! அல்லது சிறுவர்கள் நடிகர் பெயரை எழுதி வைப்பார்கள்.

ஏன்? மக்களுக்கு விருப்பம் இல்லையா? உண்டு, உண்டு! ஆனால் பெருநகரத்துச் சுவர் எதனால் நிரம்பியது? எழுதியவரை எவருக்கும் தெரியாது என்பதால். சிற்றூரிலே அந்நியர் என்று ஒருவரும் இல்லை. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். 'குடிக்காத கணவன் வேண்டும்' என்று ஒரு பெண் பகலிலே எழுதினால் இரவு வீடு திரும்ப முடியுமா? 'அவரை மணக்க விரும்புகிறேன்' என்று வேறு சாதி இளைஞனை எண்ணி ஒரு நங்கை எழுதினால், எழுத்து காய்வதற்குள் ஊர் கூடிவிடாதா? 'கூலி போதாது' என்று எழுதியவருக்கு அடுத்த நாள் வேலை இருக்குமா? பள்ளியிலே விருப்பத்தை எழுதச் சொன்னால், இடக்கையை அணைகட்டி மறைத்துக்கொண்டு எழுதும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். எட்டு வயதிலேயே பாடம் கற்றுவிட்டார்கள்! அதிலும், எழுதவே தெரியாத முதியவள் அந்தப் பலகையின் முன் என்ன செய்வாள்?

மஞ்சள் கயிறு இத்தனை நூற்றாண்டுகளாக அறுந்துபோகாமல் இருப்பதன் கமுக்கம் இங்கேதான் இருக்கிறது. கயிற்றிலே எழுத்து இல்லை. முடிச்சு மட்டுமே. என்ன கேட்டாள் என்பது மாமியாருக்குத் தெரியாது, பண்ணையாருக்குத் தெரியாது. எழுத்தறியாதவளும் கட்டலாம். அந்தக் கல்லிடம் அவள் போவது அது கொடுக்கும் என்பதற்காக மட்டுமல்ல; அது காட்டிக்கொடுக்காது என்பதற்காகவும்தான். கல்லைவிட நம்பத்தக்க செவியை நாம் அமைத்துக் கொடுக்காதவரை, கயிற்றை அறு என்று சொல்ல நமக்கு வாய் உண்டு, வழக்கு இல்லை. மறைவாக முடிச்சிட்டு, ஆனால் எண்ணப்பட்டே தீரும் ஒரு கயிறு இந்நாட்டு மக்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடத்தில்: 1951-52 பொதுத்தேர்தலின் வாக்குப்பெட்டியில். ஆனால் அது ஐந்தாண்டுக்கொரு முறை. அதிலும் எழுத இடமில்லை.

அரண்மனைகளும் செவி அமைத்ததுண்டு. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைப் பாடாத புலவன் இல்லை. 1605-இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர், 60 மணிகள் கோத்த பொற்சங்கிலியையே தொங்கவிட்டாராம். மணி பொன்னாக இருந்தது சரி. காவலரைக் கடந்து அதை இழுக்கப் போன ஏழை எத்தனை பேர்? பசுவுக்கு இருந்த துணிச்சல் பண்ணையாளுக்கு இருந்ததாகக் கதையிலும் இல்லை. இன்று மணிக்குப் பதில் மனு. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியரகங்களில் குறைதீர் நாள். கொட்டச்சேட்டு மூதாட்டி, 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கவேண்டும். ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். எழுதிக் கொடுப்பவருக்கும் காசு கொடுக்கவேண்டும். போகட்டும், இறங்கியவர் கதையாவது நிறைவாக முடிகிறதா? 2017 அக்டோபர் 23-இல் திருநெல்வேலி ஆட்சியரக வளாகத்திலே, கந்துவட்டிக் கொடுமை தாளாத கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீயிலே மடிந்தார். பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லை என்பதே அக்குடும்பத்தாரின் குமுறல். தாள் சென்று சேர்ந்தது. கடன் எவர் பெயரிலும் ஏறவில்லை.

2021 தேர்தலுக்கு முன், 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' என்ற பெயரில் ஊர் ஊராக மனுக்கள் பெறப்பட்டு, பெட்டியிலிட்டுப் பூட்டப்பட்டன. மே 7-இல் ஆட்சி ஏற்ற அன்றே அவற்றைக் கவனிக்கத் தனித்துறை அமைக்க ஆணை பிறந்தது. இயக்கத்தார் அதைப் பெருமையாகச் சொல்வதிலே பொருள் உண்டு. பெட்டியைப் பூட்டியவரே திறக்கும் கடனையும், நாள் குறித்து, ஏற்றார். நாம் அதிலே விரும்புவது அந்த ஒன்றைத்தான். ஆனால் கட்சித் தலைவர் வரும்வரை காத்திருக்கவேண்டிய பெட்டி, ஊருக்குச் சொந்தமான பெட்டியாகாது. தலைவரிடம் கேட்பதிலும் கொஞ்சம் கும்பிடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கொட்டச்சேட்டுக்குப் பலகையும் வேண்டும், பெட்டியும் வேண்டும் என்கிறோம். பலகை, வெளிப்படையாக எழுதத் துணிந்தவர்க்கு. பெட்டி, துணிய முடியாதவர்க்கு. ஒரே அளவுத் தாள், ஒரே வகைப் பென்சில். எழுதத் தெரியாதவர்க்கு, ஊரார் அறியாத வெளியூர்த் தோழர் ஒருவர் மாதம் ஒரு நாள் வந்து எழுதிக் கொடுக்கவேண்டும். பெட்டிக்கு இரு பூட்டுகள். ஒரு சாவி கட்டாயம் ஒரு பெண்ணிடம். படித்தால் எழுதியவருக்கு ஊறு நேரும் என்ற சீட்டை வெளியே விடாமல் நிறுத்தும் உரிமையும் அவருக்கே. மற்றவை வேறு கையெழுத்திலே பலகைக்கு ஏறவேண்டும். கிராம சபையிலே, பெயரின்றி, உரக்கப் படிக்கப்படவேண்டும். ஆண்டுக்கு ஆறு நாட்கள் உண்டு: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நிறைவேறிய விருப்பத்தை மட்டுமே கோடிட்டு அடிக்கலாம், நாளும் குறித்து. நிறைவேறாததை அழிக்க எவருக்கும் உரிமை கூடாது.

அப்படியானால் சுண்ணக்கட்டி உதவாது. சேர்வராயன் மலையின் மழை அதை ஒரே பருவத்தில் கழுவிவிடும். எண்ணெய்ச் சாயம் வேண்டும், நல்ல தூரிகை வேண்டும், சாயலுக்குத் தகரக் கூரை வேண்டும். தகரத்தைத் தருவதாக ஒரு தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாயத்துக்கு வாசகசாலையிலே திரட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் சாவிக்கு உரிய பெண் யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கேட்ட மூவரும் வீட்டிலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.