முந்தியது எது?

துல்லியத்தையும் உண்மையையும் ஒன்றாக எண்ணக் கடிகாரம் நம்மைப் பழக்கியிருக்கிறது. இந்தப் பழக்கத்தின் தார்மீக விளைவைப் பார்க்க இன்றைய கம்ப்யூட்டர்கள் ஒரு சந்தர்ப்பம் தருகின்றன.

ஒரே தகவலைப் பல ஊர்களில், பல கம்ப்யூட்டர்களில் பிரதியெடுத்து வைக்கிறார்கள். இருவர் இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதைத் திருத்தினால் எது நிற்பது? கஸாண்ட்ரா என்ற மென்பொருளின் விதி, பிந்தி எழுதியது நிற்கும் என்பது. நேரத்தை மைக்ரோ செகண்ட் வரை குறிக்கிறார்கள். ஆனால் குறிக்கிற கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பல மில்லி செகண்ட் விலகியிருக்கலாம். ஆறு தசம ஸ்தானம் பதிவாகிறது, மூன்றாவதே சந்தேகம். பின்தங்கிய கடிகாரத்தின்கீழ் எழுதியவர், உண்மையில் பிந்தியவராக இருந்தும் தோற்கிறார். அவருக்கு அது சொல்லப்படுவதில்லை. இரண்டு நேரமும் சரிசமமாகிவிட்டால், பைட் வரிசையில் பெரிய மதிப்பு வெல்கிறது.

பேரேடுகள் இருந்த நாட்களில் இதே காரியத்தைக் கை செய்தது. ஒரு கணக்கின்மீது ஒரே நாளில் இரண்டு செக். இருப்பு ஒன்றுக்குத்தான் போதும். கட்டில் மேலே இருந்தது பாஸாகும், மற்றது திரும்பும். திரும்பப் பெற்றவன் தான் பிந்திவிட்டதாக நினைத்துக்கொள்வான்.

1978ல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரையின்படி, ஒரு நிகழ்ச்சி இன்னொன்றைப் பாதித்திருக்கச் சாத்தியம் இருந்தால்தான் 'முன்', 'பின்' என்பவற்றுக்கு அர்த்தம். இல்லாவிட்டால் எதுவும் முந்தியதல்ல. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தவும் அவர் வழி சொன்னார். சமமாக வரும் இடத்தில் அந்த வரிசை நம் இஷ்டப்படி வகுத்தது என்பதை மறைக்கவில்லை.

இதை ஏற்றவர்கள் இரண்டு விதமாக நடந்திருக்கிறார்கள். அமேஸான் 2007ல் விவரித்த டைனமோ, முரண்படும் இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொண்டு, கேட்பவரிடம் இரண்டையும் தருகிறது. கூகிள் 2012ல் விவரித்த ஸ்பானரில் கடிகாரம் ஒரு புள்ளியைச் சொல்வதில்லை. உண்மை நேரம் எந்த இரண்டு எல்லைகளுக்குள் இருக்கிறது என்றே சொல்கிறது. அணுக் கடிகாரங்களும் ஜி.பி.எஸ். கருவிகளும் வைத்தும் அவர்கள் ஒப்புக்கொண்ட சந்தேகம் சாதாரணமாக 1 முதல் 7 மில்லி செகண்ட். அது கழியும்வரை இயந்திரம் காத்திருந்து, பிறகே எழுதியதை வெளிக்காட்டுகிறது.

காத்திருப்பதற்கும் இரண்டையும் வைத்துக்கொள்வதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்க ஒரு விதி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. விதியின் தீர்ப்பைக் காலத்தின் தீர்ப்பாகச் சொல்வதுதான் பொய். வரிசை நாம் வகுத்தது என்றால், அதில் தோற்றவனுக்குப் பதில் சொல்லவேண்டியவர்களும் நாமே.