பள்ளிவாசலைக் கடக்கும் மேளம்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியாவில் அதிக ரத்தம் சிந்த வைத்த சத்தம் ஆலைச் சங்கோ மோட்டார் ஹாரனோ அல்ல. பள்ளிவாசலைத் தாண்டிப் போகும் ஊர்வலத்தின் மேளம். ஒருவர் வழிபாடு மற்றவர் வழிபாட்டுக்கு இடைஞ்சலானால் யார் அடங்க வேண்டும் என்பதே அங்கே எழுந்த கேள்வி.

தொழுகைக்கு உள்ளம் ஒன்ற வேண்டும். சாமி புறப்பாட்டிலோ வாத்தியம் வெறும் அலங்காரம் அல்ல, சடங்கின் உறுப்பு. நடுவழியில் மேளம் நின்றால் அது அபசகுனம். ஒரு பக்கம் அமைதி கடமை, மறுபக்கம் ஒலி கடமை. மதில் ஆளை நிறுத்தும், ஒலியை நிறுத்தாது.

சட்டம் இதைத் தெருவின் கேள்வியாகப் பார்த்தது. திருவிழாக் காலத்தில் தெருவில் வாத்தியம் எந்த அளவுக்கு ஒலிக்கலாம் என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் காவல்துறைக்குக் கொடுத்திருந்தது. சேலத்தில் இதே காரணத்தால் மூண்ட 1882 கலவரத்தை ஒட்டி, அடுத்த ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது: பொதுச் சாலையில் வாத்தியத்தோடு ஊர்வலம் போவது எல்லாச் சமயத்தாருக்கும் உள்ள உரிமை, அமைதி கெடும் நிலையில் மாஜிஸ்திரேட் அதை நிறுத்திவைக்கலாம். பம்பாய் நீதிமன்றத்தின் போக்கு வேறாக இருந்தது. ஐக்கிய மாகாணத்தின் அவுரங்காபாத்திலிருந்து போன மேல்முறையீட்டில், 1924-இல், லண்டன் பிரிவி கவுன்சில் சென்னையின் பக்கம் சாய்ந்தது. அந்த வழக்கில் இந்துக்களே இல்லை. முகரம் ஊர்வலத்தில் ஷியாக்கள் மார்பில் அடித்துப் புலம்பும் மாத்தம், பள்ளிவாசலில் தொழும் சுன்னிகளைக் கலைக்கிறது என்பதே வழக்கு. காஞ்சிபுரத்து வடகலையாரும் தென்கலையாரும் பெருமாள் புறப்பாட்டில் யார் ஓதுவது என்று தலைமுறைகளாக நீதிமன்றம் ஏறியதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஒரே கடவுளைத் தொழுபவர்களுக்கும் அடுத்தவர் குரல் இரைச்சலாகலாம்.

இரைச்சல் என்றாலும், அந்த ஒலியின் அளவை யாரும் அளக்கவில்லை. நியூயார்க் நகரம் 1929-இல் ஓர் ஆணையம் அமைத்துத் தெரு ஒலியை டெசிபலில் கணக்கெடுத்தது. கல்கத்தாவில் ஒலியளக்கும் கருவி வந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. 1926 ஏப்ரலில் ஹாரிசன் சாலைப் பள்ளிவாசலருகே ஆரிய சமாஜ ஊர்வலத்தின் மேளம் கலவரத்தைக் கிளப்பியது. அதே சாலையில் நாளெல்லாம் மணியடித்து ஓடிய டிராமை எவரும் தடுக்கவில்லை. டிராம் யாரையும் நோக்கி ஒலிப்பதில்லை. மேளம் நோக்கி ஒலித்தது, அல்லது அப்படிக் கேட்டது. ஊர்வலத்தாருக்கும் அது தெரியாமல் இல்லை: பள்ளிவாசல் முன் நின்று கூடுதலாக முழக்குவதும் உண்டு, அங்கே அடங்கிப் போவதைத் தோல்வியாக எண்ணுவதும் உண்டு. ஆகவே காதை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. சத்தத்தை இரைச்சலாக்கியது அதன் பின்னிருந்த எண்ணம்.

சமரச முயற்சிகள் இதைத் தடுமாறியேனும் உணர்ந்தன. காந்தியின் 21 நாள் உண்ணாவிரதத்தின்போது 1924 செப்டம்பரில் டெல்லியில் கூடிய ஒற்றுமை மாநாடு, பசுவதையை இந்துக்களோ வாத்தியத்தை முஸ்லிம்களோ வன்முறையால் தடுக்கக் கூடாது என்றது. இரண்டையும் ஒரே தராசில் வைத்த பேரம் அது. 1927 அக்டோபரில் கல்கத்தாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இன்னும் நுட்பமாகச் சென்றது: எந்தப் பள்ளிவாசல் முன்னும் எந்நேரமும் வாத்தியத்தோடு போகலாம், ஆனால் அங்கே நிற்கக் கூடாது, தொழுபவர்களைத் தொல்லைப்படுத்தவோ புண்படுத்தவோ என்றே வாசிக்கக் கூடாது. ஒரு தவில் அடி பக்தியால் விழுந்ததா வம்புக்கு விழுந்ததா என்று தெருவில் நின்று முடிவு செய்யும் வேலை மட்டும் காவலரிடமே இருந்தது.